துருக்மென் மக்களை மானிடவியல் நோக்கில் படிக்கத் தொடங்குவோருக்கு

துருக்மென் மக்களைப் பற்றி அறிய விரும்புவோர் பெரும்பாலும் மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாக உள்ளே வருகிறார்கள்: சிவப்புக் கம்பளம், அகால்தெக்கே குதிரை, துருக்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத்தின் வெண்பளிங்குக் கட்டடங்கள். மூன்றும் கண்ணைப் பறிப்பவை. ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால், அந்தக் கம்பளத்தை நெய்தவள் எந்தக் கூடாரத்தில் இருந்தாள், அந்தக் குதிரையில் ஏறியவன் எங்கே போனான், அந்த நகரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பவை தெரியாமலே போய்விடும். ஆகவே இரண்டே கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கும்படி சொல்வேன். ஒரு குடும்பம் தன்னை யாருடைய வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்கிறது? அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் யார் வழியாக, எந்த உரிமையில் கிடைத்தது? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: பெயரைச் சரிபார்த்தல்

‘துருக்மென்’ என்ற பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட மக்கள் தாங்கியிருக்கிறார்கள். ஈராக்கின் கிர்குக் வட்டாரத்திலும் சிரியாவின் வடபகுதியிலும் வாழும் துருக்மென்களும் ஓகுஸ் கிளையைச் சேர்ந்த துருக்கிய மொழியைத்தான் பேசுகிறார்கள். ஆயினும் அவர்களுடைய வரலாறும் குலப் பெயர்களும் வேறு. நாம் படிக்கப்போகும் மக்கள் காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே, துருக்மெனிஸ்தானிலும், ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும், ஆப்கானிஸ்தானின் வடமேற்கு மாகாணங்களிலும் வாழ்பவர்கள். நூலகத் தேடலில் இரு சாராரும் கலந்தேதான் வருவார்கள். நான் தொடங்கிய காலத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து குறிப்பெடுத்த பிறகே, அவற்றில் பாதி கிர்குக் நகரத்து அரசியலைப் பற்றியவை என்பதைக் கண்டுகொண்டேன்.

இதற்கு எளிய சல்லடை ஒன்று உண்டு. தெக்கே, யோமுட், எர்சாரி, சாரிக், சாலிர், சவுதூர், கோக்லென் ஆகிய குலப் பெயர்களில் ஒன்றேனும் இடம்பெறாத கட்டுரையை முதல் சுற்றில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். நல்ல கட்டுரை ஒன்றிரண்டு நழுவலாம். பரவாயில்லை, பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: நீரை வைத்து வரைபடம் வரைதல்

ஒரு பெரிய தாளில் துருக்மெனிஸ்தானின் எல்லைக்கோட்டை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். பரப்பளவு சுமார் 4,88,000 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான நிலத்தைக் ‘கருமணல்’ என்று பொருள்படும் கராகும் பாலைவனம் மூடியிருக்கிறது. ஊர்ப் பெயர்களை இப்போதைக்கு எழுத வேண்டாம். கிழக்கு எல்லையை ஒட்டி ஆமூ தரியா, ஆப்கானிஸ்தானிலிருந்து வடக்கே வந்து மணலில் கரைந்துபோகும் முர்காப்பும் தெஜெனும், தென்மேற்கில் அத்ரெக், தெற்கே ஈரானுடன் எல்லையாக நிற்கும் கொப்பெத் தாக் மலைத்தொடர், அதன் அடிவாரத்து ஓடைகள் ஆகியவற்றை மட்டும் நீல மையில் வரையுங்கள். இப்போது குலங்களை அவற்றின் மேல் எழுதுங்கள். கொப்பெத் தாக் அடிவாரத்து அகால் பகுதியிலும் முர்காப்பின் மெர்வ் பசுஞ்சோலையிலும் தெக்கே. காஸ்பியன் கரையிலும் வடக்கே தாஷோகுஸிலும் தெற்கே ஈரானின் கோர்கான் சமவெளியிலும் யோமுட். ஆமூ தரியாவின் கரை நெடுகிலும் ஆப்கானிஸ்தானிலும் எர்சாரி. முர்காப்பின் மேற்பகுதியில் சாரிக். நீல மை எங்கே ஓடுகிறதோ அங்கேதான் குலப் பெயர்கள் நெருக்கமாக விழுவதைத் தாளே காட்டிவிடும்.

மணலின் நடுவிலும் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கராகும் பாலையில் ‘தக்கிர்’ என்று அழைக்கப்படும் களிமண் தரைகள் உண்டு. மழை பெய்தால் நீர் உறிஞ்சப்படாமல் அவற்றின் மேல் தேங்கி நிற்கும். அப்படித் தேங்கிய குட்டைக்குக் ‘காக்’ என்று பெயர். ஆடுகளும் ஒட்டகங்களும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அந்தக் குட்டைகளை நம்பியிருந்தன. கோடையில் கிணற்றையே நம்ப வேண்டும். ஒரு கிணற்றைத் தோண்டியவர்களின் வழித்தோன்றல்களுக்கே அதில் முதலுரிமை இருந்ததால், கிணற்றைப் பற்றிய விசாரணை உடனே வம்சாவளி விசாரணையாக மாறிவிடும்.

பாசன நிலத்தில் இந்த உறவு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘சனாஷிக்’ எனப்பட்ட பழைய முறைப்படி, ஊருக்குப் பொதுவான நிலமும் நீரும் காலந்தோறும் மணமான ஆண்களிடையே பங்கிடப்பட்டன. தனியுடைமையான ‘முல்க்’ நிலம் வேறு. மணமானவனுக்கே பங்கு என்றால் என்ன நடக்கும்? வசதியுள்ள குடும்பங்கள் சிறுவர்களுக்கே திருமணம் முடித்துவைத்துப் பங்குகளைக் கூட்டிக்கொண்டன. பெண்வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய ‘கலிங்’ என்னும் பரியத்துக்கு வழியில்லாத ஏழை, முப்பது வயதிலும் நீர்ப்பங்கு இல்லாமல் நின்றான். திருமண வழக்கம் என்ற தலைப்பில் ஒரு குறிப்பும், பாசனம் என்ற தலைப்பில் மற்றொரு குறிப்பும் எழுதி இரண்டையும் வெவ்வேறு கோப்புகளில் போட்டுவைக்கும் மாணவருக்கு இந்த உறவு கண்ணில் படவே படாது. 1925–26-இல் சோவியத் அரசு நில-நீர்ச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது கைவைத்தது வாய்க்காலில் மட்டும் இல்லை, கல்யாணத்திலும்தான்.

கடைசியாக, சிவப்பு மையில் ஒரு கோடு. 1954-இல் தொடங்கப்பட்ட கராகும் கால்வாய் ஆமூ தரியாவின் நீரை மேற்கே கொண்டுசென்று 1959-இல் முர்காப்பையும் 1962-இல் அஷ்காபாத்தையும் எட்டியது. ஆரல் கடல் வற்றியதில் இக்கால்வாய்க்கும் பங்கு உண்டு. அந்தச் சிவப்புக் கோட்டின் இருமருங்கிலும் பருத்தி வயல்களும் கூட்டுப்பண்ணைக் கிராமங்களும் எழுந்தன. ஆகவே இன்றைய ஊர் ஒன்றைப் படிக்கும்போது, அது நீலக் கோட்டில் இருக்கிறதா, சிவப்புக் கோட்டில் இருக்கிறதா என்பதை முதல் வரியிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: வம்சாவளியைக் கேட்டு எழுதுதல்

ஒருவன் தன் ஏழு தலைமுறை முன்னோர்களின் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது துருக்மென்களின் பழைய எதிர்பார்ப்பு. இது தந்தைவழி எண்ணப்படுவது. குலத்துக்குள் ‘தீரே’ என்ற கிளைகளும் அவற்றுக்குள் உட்கிளைகளும் வரும். ஒரே இடத்தில் கூடாரம் அடித்துக் கூடி வாழும் குழு ‘ஓபா’. தீரே இரத்த உறவைச் சொல்வது, ஓபா இருப்பிடத்தைச் சொல்வது. பல வேளைகளில் இரண்டும் ஒத்துப்போகும், எப்போதும் அல்ல. ஒரே ஓபாவில் வேற்றுக் கிளையார் அண்டி வாழ்ந்ததும் உண்டு.

இங்கே தொடக்கக்காரர் செய்யும் தவறு, வம்சாவளியைப் பிறப்புப் பதிவேடாக எடுத்துக்கொள்வது. துருக்மென்கள் எல்லோரும் ஓகுஸ் கான் என்ற மூதாதையின் வழிவந்தவர்கள் என்பது மரபு. 11-ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர் மஹ்மூத் அல்-காஷ்கரி 22 ஓகுஸ் குலங்களைப் பட்டியலிட்டார். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன் 24 என்றார். 17-ஆம் நூற்றாண்டில் கீவா நாட்டை ஆண்ட அபுல் காஸி பகதூர் கான் துருக்மென்களின் வம்சாவளியைத் தனி நூலாகவே எழுதினார். அந்தக் கான் துருக்மென்களுடன் போரிட்டவர் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் நூலின் தொனி விளங்கும். யார் யாருக்கு அண்ணன், யார் தம்பி என்ற வரிசையில் அப்போதைய கூட்டணியும் பகையும் ஒளிந்திருக்கும். ஆகவே ஒரே கிளையின் வம்சாவளியை இருவரிடமாவது கேட்டு, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பாருங்கள். முரண்படும் இடமே உங்கள் ஆய்வுக்கு உரிய இடம்.

வம்சாவளிக்குள் ஏற்றத்தாழ்வும் உண்டு. தூய துருக்மென் வழிவந்தவர்கள் ‘ஈக்’ எனப்பட்டார்கள். கொள்ளைப் படையெடுப்புகளில் சிறைபிடிக்கப்பட்ட, பெரும்பாலும் பாரசீகரான அடிமைகளின் வழிவந்தவர்கள் ‘குல்’ எனப்பட்டார்கள். இந்தச் சொல் இன்றும் சுடும். நேரில் கேட்கத் தகாத கேள்விகளில் இதை முதலில் வையுங்கள்.

குலங்களுக்கு வெளியே நிற்பவை ‘ஓவ்லாத்’ என்ற புனிதக் குழுக்கள். கோஜா, சையித், ஷிக், ஆதா, மக்திம், முஜெவூர் என ஆறு குழுக்களாக எண்ணப்படும் இவர்கள், இஸ்லாத்தின் முதல் கலீஃபாக்களின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதுபவர்கள். இரு குலங்கள் சண்டையிடும்போது இடையில் குடியிருந்து சமரசம் பேசுவதும், நேர்ச்சைத் தலங்களைப் பேணுவதும் இவர்கள் பொறுப்பாக இருந்தன. அரசனோ காவலோ இல்லாத ஒரு சமூகம் எப்படித் தன்னைத் தானே கட்டிக் காத்தது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் இவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

நான்காம் படி: ‘நாடோடி’ என்ற சொல்லை ஆறப்போடுதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பாலைவனம், ஆடு, கூடாரம் ஆகியவற்றைப் பார்த்தவுடன், புல்லைத் தேடி அலைந்தார்கள் என்று எழுதிவிடுவது எளிது. அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் அயன்ஸ் 1960-களில் ஈரானின் கோர்கான் சமவெளியில் யோமுட் மக்களிடையே தங்கிச் செய்த கள ஆய்வு, இந்த எளிமையைக் கலைத்தது.

யோமுட்கள் தங்களைச் ‘சார்வா’, ‘சோமுர்’ என இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். வடக்கே வறண்ட புல்வெளியில் ஆடும் ஒட்டகமும் வளர்ப்பவர் சார்வா. தெற்கே ஈரமான நிலத்தில் பயிர் செய்பவர் சோமுர். ஒரே கிளையிலும் இரு வகையினரும் இருந்தார்கள். மந்தை அழிந்த சார்வா தெற்கே வந்து சோமுர் ஆவதும், கையில் ஆடு சேர்ந்த சோமுர் வடக்கே போவதும் நடந்தன. இதுவரை வியப்பில்லை. வியப்பு இனிமேல்தான்: உழுது விதைத்த சோமுர்களும் கழற்றி ஏற்றக்கூடிய கூடாரத்திலேயே வாழ்ந்தார்கள், இடம் பெயரவும் செய்தார்கள். வயலுக்கு அது தேவையில்லை. பின் எதற்கு?

அயன்ஸ் தந்த விடை அரசியல் சார்ந்தது. பாரசீக அரசின் படை வரி கேட்டோ தண்டிக்கவோ வரும்போது, மொத்த ஊரும் கூடாரத்தைக் கழற்றி ஒட்டகத்தில் ஏற்றி வடக்கே பாலைக்குள் மறைந்துவிடலாம். சார்வா உறவினர் அங்கே வரவேற்கக் காத்திருப்பார்கள். மண்சுவர் வீடு கட்டியவனுக்கு அந்த வழி அடைபட்டுப்போகும். இடப்பெயர்வு என்பது மேய்ச்சலுக்கான உத்தி என்பதோடு, அரசுக்கு அடங்காமல் இருப்பதற்கான உத்தியும் ஆகும் என்பதே அவர் வாதத்தின் சாரம். பிந்திய நிகழ்ச்சிகள் இதை உறுதி செய்கின்றன. 1920-களின் நடுவில், ஈரானில் அதிகாரத்தைப் பிடித்த ரெசா கானின் படை யோமுட்களை அடக்கி, அதன்பின் கட்டாயமாகக் குடியமர்த்தியது. 1941-இல் அவர், அப்போது ரெசா ஷா, பதவி இழந்ததும் பலர் மீண்டும் கூடாரத்துக்கும் இடப்பெயர்வுக்கும் திரும்பினார்கள். ஒரு பழக்கத்தை வெறும் சுற்றுச்சூழலின் விளைவாகக் கண்டவருக்கு இந்தத் திரும்புதல் விளங்காது.

பயிற்சியாக, நீங்கள் படிக்கும் எந்தப் பயணக் குறிப்பிலும் ‘நாடோடி’ என்று வரும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: எவ்வளவு தூரம், எந்தப் பருவத்தில், யாரிடமிருந்து? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும் குறிப்புகள் மிகக் குறைவாகவே கிடைக்கும்.

ஐந்தாம் படி: மொழியில் சிறிது கால் நனைத்தல்

தமிழ் வாசகருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. துருக்கிய மொழிகளில் பல, பழைய நெடில்களை இழந்துவிட்டன. துருக்மென் மொழி அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. குறிலாக ‘அத்’ என்றால் குதிரை, நெடிலாக ‘ஆத்’ என்றால் பெயர். ‘ஒத்’ புல், ‘ஓத்’ நெருப்பு. குறிலையும் நெடிலையும் பிறந்தது முதல் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒரு சிரமமே இல்லை. ஆனால் எழுத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. ஆகவே ஒலிப்பதிவு இல்லாமல் அகராதியை மட்டும் வைத்துப் படிப்பது வீண். காலையில் எழுந்ததும் தந்தையைப் பார், தந்தைக்குப் பின் குதிரையைப் பார் என்ற புகழ்பெற்ற பழமொழியை ஒருவர் சொல்லக் கேட்டால், தந்தையைக் குறிக்கும் ‘அதா’வும் குதிரையைக் குறிக்கும் ‘அத்’தும் உரசிக்கொள்ளும் நயம் உடனே பிடிபடும்.

எழுத்து முறை மூன்று முறை மாறியிருக்கிறது: அரபு எழுத்து, 1920-களின் இறுதியில் லத்தீன், 1940-இல் சிரிலிக், 1993-க்குப் பின் புதிய லத்தீன். ஈரானில் இன்றும் அரபு எழுத்தே. ஒரே பாட்டியின் கதையை மூன்று எழுத்தில் தேட நேரும் என்பதால், சொற்குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லையும் உச்சரிப்போடு தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுப் பெயர்களை முதலில் கற்பது பலன் தரும். பழமொழியில் தந்தையைக் குறித்த ‘அதா’ உறவுமுறையில் தந்தையின் தந்தையைக் குறிக்கும், தாயின் தந்தை ‘பாபா’. தந்தையின் தாய் ‘ஏனே’, தாயின் தாய் ‘மாமா’. அத்தைக்குப் ‘பீபி’, தாய்மாமனுக்குத் ‘தாயி’. தந்தையைக் ‘காக்கா’ என்று அழைப்பதைக் கேட்டால் கீழக்கரையிலும் இலங்கையிலும் அண்ணனைக் காக்கா என்று அழைப்பவர்கள் சற்றுத் திகைக்கலாம். நாம் இருபக்கத்துத் தாத்தாவையும் ஒரே சொல்லில் அடக்குகிறோம், அவர்கள் பிரிக்கிறார்கள். தந்தைவழியே கிணறும் நிலமும் இறங்கும் சமூகத்தில் அந்தப் பிரிவினை வெறும் சொல் சார்ந்தது அன்று.

ஆறாம் படி: வீட்டுக்குள் பார்த்தல்

துருக்மென் கூடாரத்துக்குக் ‘கரா ஓய்’, அதாவது கறுப்பு வீடு என்று பெயர். வெண்கம்பளி போர்த்தினால் ‘ஆக் ஓய்’. மடக்கிச் சுருட்டக்கூடிய மரச் சட்டச் சுவர், அதன் மேல் வளைகழிகள், அவை வந்து சேரும் உச்சி வளையமான ‘துய்னுக்’. வாசலுக்கு நேரெதிரே உள்ள இடம் ‘தோர்’. விருந்தினரும் மூத்தோரும் அங்கே அமர்வார்கள். இன்று மக்கள் செங்கல் வீட்டிலும் அடுக்குமாடியிலும் வாழ்கிறார்கள், ஆனால் தரைவிரிப்பில் யார் எங்கே உட்காருகிறார் என்பதைக் கவனித்தால் அந்தப் பழைய வட்டம் மறையாமல் இருப்பது தெரியும்.

ஒரு சாப்பாட்டு விரிப்பைக் கூர்ந்து பாருங்கள். ‘தம்திர்’ என்ற களிமண் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டி நடுவில் இருக்கும். அதைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, துணுக்கையும் காலில் மிதிபட விடக் கூடாது. விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேநீர்க் குடுவையும் கிண்ணமும் வரும். பச்சைத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மீண்டும் குடுவைக்குள்ளேயே கொட்டி, சாறு இறங்கிய பின் குடிப்பார்கள். இதற்கிடையில் மருமகள் உள்ளே வந்தால், தலைத்துணியின் முனையைப் பல்லால் கடித்து வாயை மறைத்திருக்கக் கூடும். இதுவே ‘யாஷ்மக்’. மாமனாருக்கும் கணவனின் மூத்த உறவினருக்கும் முன்னால் அவள் பேசுவதில்லை. சைகையாலோ சிறுவர் வழியாகவோ செய்தி சொல்வாள். இதை முக்காட்டோடு சேர்த்து மதக் கட்டுப்பாடு என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. யாருக்கு முன்னால் மறைக்கிறாள், யாருக்கு முன்னால் மறைப்பதில்லை என்று பட்டியலிட்டுப் பாருங்கள்: முன்பின் தெரியாத அந்நியனைக் காட்டிலும் கணவனின் மூத்தோருக்கே அது உரியது என்பது வெளிப்படும்.

‘கைதர்மா’ என்னும் வழக்கத்தையும் இதனுடன் வைத்துப் படிக்க வேண்டும். சொல்லுக்குத் திருப்பி அனுப்புதல் என்று பொருள். திருமணம் முடிந்து சில நாட்கள் கணவன் வீட்டில் இருந்த மணப்பெண், தாய்வீட்டுக்குத் திரும்பி மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் தங்குவாள். பரியத்தின் பாக்கி செலுத்தப்படுவதோடு இதற்குத் தொடர்பு இருந்தது.

ஏழாம் படி: கம்பளத்திடம் எச்சரிக்கை

கம்பளத்தை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. துருக்மெனிஸ்தான் கொடியின் சிவப்புப் பட்டையில் ஐந்து குலங்களின் கம்பளச் சின்னங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரு சின்னம் ஒரு குலம் என்று மனப்பாடம் செய்துவிடத் தோன்றும். பழைய கம்பளங்கள் அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. சோவியத் ஆய்வாளர் வாலென்தினா மோஷ்கோவா, தோற்ற குலம் தன் சின்னத்தைப் பெரிய கம்பளத்தில் நெய்யும் உரிமையை இழந்து வென்றவரின் சின்னத்தை நெய்தது என்று விளக்கினார். இது செல்வாக்குள்ள கருத்து, ஆனால் கருத்துத்தான். சந்தைப் பெயர்களையும் நம்பாதீர்கள்: ‘புகாரா கம்பளம்’ என்பது விற்ற ஊரின் பெயர், நெய்தவர் துருக்மென் பெண்.

சின்னத்தை விடப் பயன்பாட்டைக் கேளுங்கள். ‘என்சி’ கூடார வாசலில் தொங்கும் கதவு. ‘சுவால்’ துணிமணி வைக்கும் பெரிய பை. ஐந்து மூலையுள்ள ‘அஸ்மாலிக்’ மணப்பெண்ணைச் சுமக்கும் ஒட்டகத்தின் விலாவில் தொங்குவது. நெய்பொருள்தான் மேசை நாற்காலி, பீரோ எல்லாம் என்பது அப்போது புரியும்.

எட்டாம் படி: சான்றுகளைத் தரம் பிரித்தல்

19-ஆம் நூற்றாண்டுப் பயணிகள் நிறையத் தருவார்கள். ஹங்கேரியரான ஆர்மின் வாம்பேரி 1863-இல் தர்வேஷ் என்னும் இஸ்லாமியத் துறவியின் வேடத்தில் யோமுட் நிலத்தைக் கடந்தார். ஐரிஷ் செய்தியாளர் எட்மண்ட் ஓடொனோவன் 1881-இல் மெர்வில் தெக்கேக்களிடையே மாதக்கணக்கில் ஏறத்தாழக் கைதியாகவே இருந்தார். கொள்ளையையும் அடிமை வாணிபத்தையும் இவர்கள் விரிவாக எழுதினார்கள், அவை நடந்தவைதாம். ஆனால் அந்த எழுத்துகள் ரஷ்யப் படையெடுப்புக்கு நியாயம் தேடித்தந்தன என்பதும் உண்மை. 1881 ஜனவரியில் தெக்கேக்களின் கோக்தெபே கோட்டையை ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவின் படை தகர்த்து, தப்பியோடிய மக்களையும் விரட்டிக் கொன்றது. 1884-இல் மெர்வ் அடிபணிந்தது. இந்த ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதா, பின் எழுதப்பட்டதா என்று ஒவ்வொரு சான்றின் தலையிலும் குறித்து வையுங்கள்.

சோவியத் இனவரைவியல் நுணுக்கமானது. கூடாரக் கழிகளை எண்ணும், பாசனப் பங்கை அளக்கும். ஆனால் 1924 அக்டோபர் 27-இல் உருவான துருக்மென் குடியரசைக் குலங்கள் கரைந்து ஒரே தேசமாகும் கதையின் நிறைவாகக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. 1991-க்குப் பின் வந்த அரசுசார் வரலாறுகள் ஓகுஸ் கானில் தொடங்கி நேர்க்கோடு இழுக்கின்றன. மூன்றையும் அருகருகே வைத்து ஒரே வழக்கத்தை, உதாரணமாகக் கைதர்மாவை, மூன்றிலும் தேடுங்கள்.

கடைசிப் படி: மனிதர்களிடம் செல்லுதல்

துருக்மெனிஸ்தானுக்குள் செல்வது கடினம். அழைப்புக் கடிதமும் வழிகாட்டியுடன் கூடிய பயணமும் நெடுங்காலமாக நிபந்தனைகள், சுதந்திரமான கள ஆய்வுக்கு அனுமதி அரிது. புறப்படும் முன் அப்போதைய விசா விதிகளைத் தூதரகத்தில் கேட்டறிய வேண்டும். துருக்கியின் நகரங்களில் வேலைக்கும் படிப்புக்கும் வந்த துருக்மென்கள் ஏராளம். பலருடைய ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

அங்கே சந்திக்கும் ஒருவரிடம் முதல் நாளே குலப் பெயரைக் கேட்காதீர்கள். அது வேலை, பதவி, திருமணம் எல்லாவற்றையும் தொடும் செய்தி. உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கால்வாயிலிருந்து என்று தொடங்கி, அதற்கு முன் தாத்தா காலத்தில் கிணறு இருந்தது என்று வந்து, அந்தக் கிணற்றைத் தோண்டியவர் இன்னார் என்று அவரே சொல்லும்போது, உங்கள் வம்சாவளித் தாளின் முதல் பெயரை எழுதிக்கொள்ளலாம். குறிப்பேட்டில் அவருடைய உண்மைப் பெயருக்குப் பதில் ஓர் எண்ணை இடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலை வேறு இடத்தில் வையுங்கள், எல்லையைக் கடக்கும் பையில் அது இருக்கக் கூடாது.